எழுத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்



பி.எச். அப்துல் ஹமீத் காலமானார் என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றுவது புதிதல்ல. ஒரு தடவைக்கு மேல் இந்த வதந்தி கிளம்பி, அவரே காணொளியில் தோன்றி, தாம் நலமாக இருப்பதாகச் சொல்ல வேண்டியதாயிற்று. நம் பழைய மாணவர் குழுவிலும் அந்தப் படம் வந்தது. மாலையும் விளக்கும் போட்ட படம். அடுத்தடுத்து முப்பது நாற்பது கும்பிடு கைகள். அவற்றுக்கு நடுவே, கடைசியாக நான் பாடம் நடத்திய வகுப்பைச் சேர்ந்த ஒரு பையன் கேட்டிருந்தான்: "அய்யா, இவரு யாருங்கய்யா? பாட்டுப் பாடுறவரா?"

அந்தக் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் போட மனம் வரவில்லை. ஆகவே நீளமாக எழுதுகிறேன். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

அவர் பாடகர் இல்லை, தம்பி. பாடத் தெரிந்தவர்களையும், தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களையும் பாட வைத்தவர். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, எதிரில் நிற்பவருக்கு ஓர் எழுத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர். அந்தக் காத்திருத்தலைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் வானொலிக் கதை. உங்களில் பலர் பிறப்பதற்கு முந்தியது.

நான் வளர்ந்தது மதுரை செல்லூரில். தறிச் சத்தம் ஓயாத தெரு. அப்போது வானொலிப் பெட்டி வைத்திருக்க உரிமம் வேண்டும். வருடா வருடம் தபால் நிலையத்தில் போய்ப் பணம் கட்டி முத்திரை வாங்க வேண்டும். ஆகையால் எல்லா வீட்டிலும் பெட்டி இருக்காது. தறிக்கூடத்தில் ஒன்று இருக்கும். அதில் பெரும்பாலும் இலங்கை வானொலிதான் பாடும்.

நம் ஊரில் இருந்துகொண்டு ஏன் கொழும்பைக் கேட்டோம் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. 1952 முதல் பத்தாண்டு மத்திய அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஒலிப்பதை விரும்பவில்லை. பாட்டுக்காக ஏங்கிய இந்திய நேயர்கள் எல்லாம் ரேடியோ சிலோன் பக்கம் போய்விட்டார்கள். 1957இல் விவித் பாரதி தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் எளிதில் விடவில்லை. மதுரைக்கென்று ஒரு வானொலி நிலையம் வந்ததே 1987இல்தான். அதுவரை திருச்சியையும் திருநெல்வேலியையும் எட்டிப்பிடிக்க வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த கொழும்போ மாலையானால் அடுத்த வீட்டில் பேசுவது போலக் கேட்கும்.

ரேடியோ சிலோன் 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறியது. பெயர் மாறினாலும் எங்களுக்கு அது 'இலங்கை வானொலி'தான். எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம் என்று அறிவிப்பாளர்களின் பெயரைச் சினிமா நட்சத்திரங்களின் பெயரைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தோம். முகம் தெரியாது. குரலைக் கேட்டதும் ஆளைச் சொல்லிவிடுவோம். அந்த வரிசையில் வந்தவர்தான் கொழும்புக்காரரான அப்துல் ஹமீத்.

அவர் அறிவிப்பாளர் மட்டும் அல்ல, வானொலி நாடகக்காரரும்கூட. எஸ். ராம்தாஸ் எழுதிய நகைச்சுவைத் தொடர் ஒன்று அங்கே பெரிய புகழ் பெற்று, 1976இல் 'கோமாளிகள்' என்று திரைப்படமாகவும் வந்தது. அதில் நாலு பேர் நாலு விதமாகத் தமிழ் பேசுவார்கள். ராம்தாஸ் மரைக்காராக முஸ்லிம் தமிழ் பேசுவார். டி. ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழ். செல்வசேகரன் உபாலியாகச் சிங்களவர் பேசும் தமிழ். முஸ்லிமான அப்துல் ஹமீதுக்கு என்ன வேடம் தெரியுமா? ஐயர் வேடம்! பிறர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்காத ஒருவரால் இப்படி நடிக்க முடியாது. பின்னாளில், 2000இல் வந்த 'தெனாலி' படத்துக்காகக் கமல்ஹாசன் இலங்கைத் தமிழ் பேசிப் பழகியபோது, உதவிக்கு அழைத்ததும் இவரைத்தான்.

இனி 'பாட்டுக்குப் பாட்டு'.

வானொலியில் வளர்ந்த இந்த விளையாட்டைப் பின்னால் சன் தொலைக்காட்சிக்கு அவர் கொண்டுவந்தார். 'லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு' என்றால் இன்று நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் நினைவிருக்கும். விளையாட்டு எளிமையானது. ஓர் எழுத்து தரப்படும். அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும். பாட்டு நிற்கும் இடத்தில் கிடைக்கும் எழுத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் தொடங்க வேண்டும். வடக்கே இதை அந்தாக்ஷரி என்பார்கள். 1993இல் அன்னு கபூர் ஜீ தொலைக்காட்சியில் அதே பெயரில் நடத்தினார்.

தமிழாசிரியன் இல்லையா, இந்த இடத்தில் சும்மா போக மாட்டேன். இது நமக்குப் புதிய சரக்கு அல்ல. அந்தம் என்றால் முடிவு, ஆதி என்றால் தொடக்கம். ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வருவது அந்தாதி. காரைக்கால் அம்மையார் அற்புதத் திருவந்தாதி பாடிய காலத்திலிருந்து நம்மிடம் இருக்கிறது. அம்மையார் பாடலைப் பாடலோடு கோத்தார். அப்துல் ஹமீத் ஆளை ஆளோடு கோத்தார்.

இதிலே ஒரு சிக்கலும் உண்டு. ண, ழ, ள, ற, ன ஆகிய எழுத்துகளில் தமிழ்ச் சொல் தொடங்காது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் நம் பாட்டு வரிகள் பாதிக்கு மேல் ன், ள், ம், ல் என்றுதான் முடியும். கடைசி எழுத்தையே கொடுத்தால் ஆட்டம் இரண்டு நிமிடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஆகவே நடத்துபவர் பாட்டின் போக்கில் சரியான இடம் பார்த்து நிறுத்தி, பாடக்கூடிய ஓர் எழுத்தை எடுத்துத் தர வேண்டும். பாடுகிறவரை முகம் சுளிக்கவிடாமல் நிறுத்தவும் தெரிய வேண்டும். இலக்கணமும் காதும் இங்கிதமும் ஒரே நொடியில் சேர்ந்து வேலை செய்ய வேண்டிய இடம் அது.

நான் அந்த நிகழ்ச்சியைப் பாட்டுக்காகப் பார்த்ததைவிட அவருக்காகப் பார்த்தது அதிகம். ழகரமும் ளகரமும் லகரமும் தனித்தனியாகக் காதில் விழும். ஆங்கிலம் கலக்காமல், அதே சமயம் மேடைத்தமிழ் போல விறைத்துப்போகாமல் பேசுவார். இன்னொன்று. போட்டியாளர் திணறும்போது அவர் முகத்தைக் கவனிப்பேன். அதில் அவசரம் இருக்காது, கேலி இருக்காது. எழுத்தைக் கொடுத்தாகிவிட்டது, இனி மேடை உங்களுடையது என்று ஒதுங்கி நிற்கிற பாவனை. தோற்றவரை வழியனுப்பும்போதும் ஒரு மரியாதை இருக்கும். வகுப்பறையில் கேள்வி கேட்டு முடிக்கும் முன்னே "அடுத்தவன் சொல்லு" என்று தாவுகிற வழக்கம் எங்கள் தொழிலில் நிறைய. அதற்கு மாற்று வழி எப்படி இருக்கும் என்று தொலைக்காட்சியில் நான் கண்டது அவரிடம்தான்.

இப்போது மேலூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த அரசுப் பள்ளிக்கு வருகிறேன். 1990களின் கடைசி.

மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூரை உங்களுக்குத் தெரியும். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருப்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. திருமங்கலம் அருகே உச்சப்பட்டி, நகரை ஒட்டி ஆனையூர் என்று நம் மாவட்டத்தில் வேறு முகாம்களும் உண்டு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகில் வந்தவர்கள், அதற்குப் பின்னும் அலை அலையாக வந்தவர்கள். 'அகதிகள் முகாம்' என்ற சொல்லை 2021இல்தான் அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அந்தப் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் படித்தார்கள்.

என் எட்டாம் வகுப்பில் முகாமிலிருந்து ஒரு பெண் சேர்ந்தாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். சேர்ந்த முதல் வாரத்தில் வருகைப் பதிவின்போது "ஓம்" என்றாள். வகுப்பே சிரித்தது. 'பேசுவது' என்பதை 'கதைக்கிறது' என்றாள். மறுபடியும் சிரிப்பு. "அய்யா, அது பேசுறது சினிமா மாதிரி இருக்குங்கய்யா" என்று ஒரு பயல் எழுந்து சொன்னான். கெட்ட பிள்ளைகள் இல்லை. புதிதாக ஒன்றைக் கேட்டால் சிரிக்கிற வயது. ஆனால் அவள் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. ஒரு பருவம் முழுக்க. வருகைப் பதிவுக்குக் கையைத் தூக்குவாள். கேள்வி கேட்டால் எழுதிக் காட்டுவாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். பேச்சு மட்டும் கிடையாது.

இது சின்ன விஷயம் இல்லை. வீட்டை விட்டு, ஊரை விட்டு, கடல் தாண்டி வந்த குடும்பம். கையோடு கொண்டுவர முடிந்தது அந்தப் பேச்சு ஒன்றுதான். அதையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரும்படி ஆகிவிட்டது அந்தப் பிள்ளைக்கு. அவள் அப்பா பள்ளியை நிறுத்திவிடலாமா என்று யோசிப்பதாகக் காதில் விழுந்தது.

நான் அப்போது வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வகுப்பில் பாட்டுக்குப் பாட்டு நடத்துவேன். மொழி முதல் எழுத்துகளை மனப்பாடம் செய்யச் சொன்னால் ஓடும் பிள்ளைகள், ஆட்டத்தில் தோற்கக் கூடாது என்பதற்காக ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, ஆட்டம் தொடங்கும் முன் சொன்னேன்: "இந்த விளையாட்டை டிவியில நடத்துறாரே, அவரு எந்த ஊர்க்காரரு தெரியுமா?" மெட்ராஸ் என்றான் ஒருவன். கோயம்புத்தூர் என்றான் இன்னொருவன். "கொழும்பு" என்றேன். "நம்ம அப்பா அம்மா எல்லாம் தமிழ்ப் பாட்டு கேட்டு வளர்ந்ததே அந்த ஊரு ரேடியோவுலதான். அவரு உச்சரிப்பைக் கேட்டுத்தான் நான் உங்களுக்கு ழகரம் சொல்லித் தர்றேன்."

அந்தப் பெண் தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

ஆட்டம் சுற்றி வந்து அவள் வரிசையில் நின்றது. எழுத்து 'ந'. வழக்கமாக அவளைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். எல்லோரும் சும்மா இருங்கள் என்றேன். நானும் சும்மா இருந்தேன். முகத்தை உற்றுப் பார்த்தால் பயப்படுவாள் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே வேப்ப மரம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நிமிடம் இருக்கலாம். வகுப்பறையில் ஒரு நிமிட அமைதி என்பது எவ்வளவு நீளம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும்.

பாடினாள். பி. சுசீலா பாடிய பழைய பாட்டு ஒன்று. பல்லவி முடித்து, சரணமும் முழுசாக. ஒரு சொல் பிசகவில்லை. வகுப்பில் யாருக்கும் அந்தப் பாட்டு தெரியாது, எனக்குத் தெரியும். முடித்ததும், யாரும் கேட்காமலே சொன்னாள்: "அம்மம்மா எங்கட ரேடியோவில கேட்டுப் பாடுறவ, சேர்."

அந்தப் பருவத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம். 'எங்கட' என்றதற்கு யாரும் சிரிக்கவில்லை. பின் பெஞ்சிலிருந்து முதலில் கைதட்டியது 'சினிமா மாதிரி' என்று சொன்ன அதே பயல்தான். இதைப் படித்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும்டா. பெயர் போடவில்லை, பயப்படாதே.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பேச்சுக்குப் பயந்தாள், மெல்ல மெல்லப் பழகினாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்துக் குடும்பத்தோடு வவுனியாப் பக்கம் திரும்பினாள். இப்போது ஒரு முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். அங்கே இப்போது அவள் "ஏங்க" என்று மதுரைத் தமிழில் கூப்பிட்டால் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம்!

குரல்களுக்கும் அந்த நாட்டில் ஆபத்து இருந்ததை நினைவில் வையுங்கள். எங்கள் தலைமுறை கொண்டாடிய கே.எஸ். ராஜா 1989இல் கொழும்பில் கொல்லப்பட்டார். நேயர்கள் நாலா திசையும் சிதறினார்கள். அப்படிப்பட்ட காலத்தில், சிதறியவர்களையும் இங்கே இருந்த நம்மையும் ஒரே பாட்டின் இரண்டு முனையில் நிறுத்தி ஒருவர் விளையாட வைத்தார் என்றால், அதை வெறும் பொழுதுபோக்கு என்று எழுதி முடித்துவிட எனக்கு மனம் இல்லை. தம் வாழ்க்கைக் கதைக்கு அவர் 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' என்று பெயர் வைத்தார். நல்ல பெயர்.

பாரிசில் இருக்கும் என் அண்ணன் மகள் அந்த ஊர் நிகழ்ச்சி ஒன்றைச் சொன்னாள். 2007 முதல் ஓடுகிறது. பாட்டு நடுவில் நின்றுவிடும், மீதி வரிகளைப் போட்டியாளர் தப்பில்லாமல் பாட வேண்டும். நடத்துபவர் நாகி. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பிறந்தவர். வெளியே பிறந்த ஒருவர், அந்த நாட்டுக்காரர்களிடமே அவர்கள் பாட்டு அவர்களுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்கிறார். "சித்தப்பா, நம்ம ஹமீத் ஞாபகம் வந்துச்சு" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வீட்டுக்குள் இருப்பவர் மறந்துபோவதை வாசலில் நிற்பவர் நினைவுபடுத்துவது உலகம் முழுக்க நடக்கிறது போலும்.

அப்புறம் கோடிகளின் காலம் வந்தது. 1998இல் இங்கிலாந்தில் பிறந்த விளையாட்டை 2000 ஜூலையில் அமிதாப் பச்சன் இந்திக்குக் கொண்டுவந்தார். தமிழில் சரத்குமார் 'கோடீஸ்வரன்' நடத்தினார். 2012இல் சூர்யா 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' நடத்தினார். அவற்றையும் விரும்பிப் பார்த்தேன். ஆனால் அங்கே மௌனம் வேறு வேலை செய்யும். விளக்கை மங்கலாக்கி, நெஞ்சு அடிப்பது போல இசை போட்டு, "உறுதியாகச் சொல்கிறீர்களா?" என்று கேட்டு நெஞ்சைப் பதற வைக்கும். பார்ப்பவருக்குச் சுவை. எதிரில் இருப்பவருக்குச் சோதனை.

அதிலும் ஒரு நாளை மறக்க மாட்டேன். 2020 ஜனவரியில், கலர்ஸ் தமிழில் ராதிகா சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரி'யில், நம் மதுரை நீதிமன்றத்தில் பணிபுரியும் பெண் ஒருவர் ஒரு கோடி வென்றார். அவருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. அன்று எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதே பேச்சு. எனக்குத் தோன்றியது இது: காது கேளாத ஒருவர் எதிரில் அமர்ந்திருக்கும்போது, நடத்துபவருக்குத் தம் குரல் பயன்படாது. முகம் பேச வேண்டும், எழுத்து பேச வேண்டும், எதிரில் இருப்பவர் தம் வழியில் பதில் சொல்லும் வரை பொறுக்க வேண்டும். அப்படிப் பொறுத்தால் ஒரு கோடி ரூபாய்க் கேள்விக்கும் பதில் அந்தப் பக்கத்தில் தயாராக இருக்கிறது. நம் வகுப்பறைகளிலும் அலுவலகங்களிலும் எத்தனை பேரை, அவர்கள் வழியில் சொல்ல விடாமல், "இவனுக்கு ஒன்றும் தெரியாது" என்று தாண்டிப் போயிருப்பார்கள்!

ஆகவே தம்பி, உன் கேள்விக்கு என் பதில்: அப்துல் ஹமீத் கேள்வி கேட்பவர்களின் ஆசிரியர். நல்ல குரல் பலருக்கு உண்டு. அந்தக் குரலை அடக்கிக்கொண்டு, எதிரில் இருப்பவருடைய குரல் வெளியே வரும் வரை நிற்பது கொஞ்சப் பேருக்குத்தான் வாய்க்கும். அவர் வாழ்க, நீடு வாழ்க. இரங்கல் செய்திக்கு முந்திக்கொள்வதைவிட, நன்றி சொல்ல முந்திக்கொள்வோம்.

உங்களுக்கு வீட்டுப்பாடம் இல்லாமல் விடுவேனா? இந்த ஞாயிற்றுக்கிழமை, உங்கள் வீட்டில் அதிகம் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் போங்கள். அப்பத்தாவாக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம், கைபேசியை விட்டு நிமிராத மகனாகவும் இருக்கலாம். 'வ' என்று ஓர் எழுத்தைக் கொடுங்கள். கொடுத்துவிட்டு நீங்கள் பாட ஆரம்பிக்காதீர்கள். கூகுளில் தேடித் தராதீர்கள். "தெரியலையா, விடுங்க" என்று சொல்லாதீர்கள். மனசுக்குள் அறுபது எண்ணுங்கள்.

என்ன பாட்டு வந்தது என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். எழுத்துப்பிழை இருந்தால் வழக்கம்போலச் சிவப்பு மை உண்டு.

என்றும் அன்புடன்,
உங்கள் தமிழய்யா